நரம்பா, நாரா?

1936 மார்ச் 3, செவ்வாய்

காலை ஆறு மணி டூட்டி. மழை விட்டபாடில்லை. ரயில்வே கோட்டர்ஸ் கூரையில் ஓட்டை பெரிதாகிவிட்டது. சமையலறையில் இரண்டு சட்டி வைத்தும் போதவில்லை என்று புஷ்பவள்ளி எழுந்ததும் ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏறி அடைத்துவிடுகிறேன் என்றேன். மூன்று ஞாயிறாக இதையே சொல்கிறேனாம். கட்டிய மனைவிக்கு ஞாபகசக்தி இவ்வளவு இருக்கக்கூடாது.

மார்ச் 4, புதன்

மெயில் வண்டிக்கு வளையம் கொடுக்கும்போது வலது தோளில் 'படக்' என்று ஒரு சத்தம். துணி கிழிகிற சத்தம் மாதிரி. எனக்கே காதில் கேட்டது.

தப்பு என்னுடையதுதான். இந்த ஒற்றைத் தண்டவாளத்தில், வழி காலி என்பதற்கு அடையாளமான வளையம் கைக்கு வராமல் எந்த டிரைவரும் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை விடமாட்டான். மெயில் எங்கள் பாலோ ஸ்டேஷனில் நிற்காது. ஓடுகிற வண்டிக்கு நான் கையை உயர்த்தி வளையத்தைக் காட்டவேண்டும். ஃபயர்மேன் வெளியே சாய்ந்து, தன் கையை அதற்குள் கோர்த்து, எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவன் கை நுழைந்த நொடியில் நான் விட்டுவிடவேண்டும். பத்தொன்பது வருஷமாகச் செய்கிற வேலை. இன்று மழையில் வளையம் வழுக்கியது, இறுக்கிப் பிடித்தேன், அரை நொடி தாமதமாக விட்டேன். அந்த அரை நொடிக்கு மெயில் என் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

ஃபயர்மேன் ஐயாசாமி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். நான் இடது கையைக் காட்டி ஒன்றுமில்லை என்றேன். சுளுக்குதான். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

மார்ச் 6, வெள்ளி

சரியாகவில்லை.

பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கருப்பாயி அக்காவை வரவழைத்தோம். கால் முதலில் வெளியே வரப் பிறந்தவர். சுற்று வட்டாரத்தில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவர் வந்து காலால் மூன்று முறை நீவிவிட்டால் போய்விடும். என்னைக் குப்புறப் படுக்கவைத்து, விளக்கெண்ணெய் தடவி, தோளில் காலை வைத்தார். ஒரு தடவை நீவினார். இரண்டாவது தடவை பாதியில் காலை எடுத்துக்கொண்டார்.

"தம்பி, இது சுளுக்கில்ல. சுளுக்குன்னா என் காலுக்குத் தெரியும். உள்ள ஏதோ அந்து கெடக்கு. நான் தொடமாட்டேன்."

கொடுத்த வெற்றிலையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். அவருக்கு வயசாகிவிட்டது, காலில் பழைய வலு இல்லை என்று புஷ்பவள்ளியிடம் சொன்னேன்.  

மார்ச் 9, திங்கள்

எழுத முடிகிறது. சாப்பிட முடிகிறது. விரல்கள் ஐந்தும் சொன்னபடி கேட்கின்றன. சட்டையை மாட்ட ஆணி உயரத்துக்குக் கையைத் தூக்கினால் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தோள்தான் காதுவரை ஏறுகிறது, கை வருவதில்லை.

இடது கையால் வளையம் கொடுத்ததை ஸ்டேஷன் மாஸ்டர் வாலண்டைன் ஐயா பார்த்துவிட்டார். "என்னப்பா காளியப்பா, புதுப் பழக்கம்?" என்றார். மறைக்க முடியவில்லை. ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதுவரை டூட்டி இல்லை.

மார்ச் 12, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. எலும்பைப் படம் எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது. சர்ஜன் துரை நாற்பது வயது வெள்ளைக்காரர், சிரிக்காத முகம். என் கையைத் தானே பிடித்து மேலே தூக்கினார். உச்சிவரை போனது! பார்த்தீர்களா என்று நான் சொல்ல வாயெடுக்கும்போது கையை விட்டார். பொத்தென்று விழுந்தது. அவர் விட்டால் நிற்கிற கை இல்லை அது.

துரை இங்கிலீஷில் பேசியதை, மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் கேப்ரியல் ஐயா தமிழில் சொன்னார். "உங்க தோள் நரம்பு அறுந்திருக்கு. அப்படியே விட்டா கை மேல போகாது. கீறித் தைக்கலாம். அடிபட்டு மூணு வாரத்துக்குள்ள செஞ்சா நல்லா இருக்கும்னு துரை சொல்றாரு."

நரம்பா? எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு வண்டி ஏறிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஏன் சிரிப்பு வந்தது என்று எழுதிவைக்கிறேன், பின்னால் யாரும் கேட்டால் சொல்ல. நரம்பு அறுந்தவனை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்து வீரமுத்து. பால் வெட்டுகிற கத்தி மணிக்கட்டில் ஏறி நரம்பு அறுந்தது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். மூன்று விரல் செத்தது செத்ததுதான்; நெருப்பை வைத்தாலும் தெரியாது. எனக்கு விரல் அத்தனையும் உயிரோடு இருக்கிறது. கிள்ளினால் வலிக்கிறது. அப்புறம் எந்த நரம்பு அறுந்தது? இல்லாத நோய்க்கு நல்ல தோளைக் கீறித் தைத்து, வீரமுத்து மாதிரி உட்காரவைத்துவிட்டால்?

துரை படித்தவர்தான். படித்தவருக்கும் தப்பு வரும்.

மார்ச் 28

மூன்று வாரம் தாண்டிவிட்டது. ஒத்தடம், தைலம். கை அதே இடத்தில்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஐயாசாமி வந்தான். லீவு நாளில் குளுவாங்கிலிருந்து வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் கூரையில் ஏறி ஓட்டையை அடைத்தான். நான் கீழே நின்று வழி சொன்னேன். எனக்குத்தான் வேலை தெரியுமே.

இறங்கி வந்து காப்பி குடிக்கும்போது தலையைத் தூக்காமல் சொன்னான். "அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சுண்ணே. இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. இப்பவும் வளையத்துல கைய விடும்போதெல்லாம் கேக்குது."

"உன் தப்பு இல்லடா. நான்தான் லேட்டா விட்டேன்" என்றேன். நம்பவில்லை.

ஏப்ரல் 11, சனி

ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தது. அக்டோபரில் டாக்டர்கள் போர்டு முன் நிற்கவேண்டும். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டாவிட்டால் வேலையிலிருந்து விலக்கு. வேலை போனால் கோட்டர்ஸும் போகும். ஆறு மாதம் இருக்கிறது. ஆறு மாதத்தில் என்ன செய்ய முடியாது? புஷ்பவள்ளியிடம் இப்படித்தான் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கி மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுதவேண்டும்.

கோழி அடித்தோம். புஷ்பவள்ளி அரிவாள்மனையில் உட்கார்ந்து காலை வெட்டிப் போட்டாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் சும்மா உட்காருவதுதான் என் உத்தியோகம். வெட்டின காலின் முனையில் வெள்ளையாக ஒரு நார் துருத்திக்கொண்டிருந்தது. சின்ன வயதில் செய்கிற விளையாட்டு, அதைப் பிடித்து இழுத்தேன். செத்த கோழியின் விரல் நான்கும் மடங்கின. விட்டேன், விரிந்தன. மறுபடி இழுத்தேன்.

"சின்னப் புள்ளையா நீங்க? அதக் கீழ போடுங்க" என்றாள். அப்புறம் அவளே வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். காலை வாங்கி, அந்த நாரை அரிவாள்மனையில் பட்டென்று அடியோடு அறுத்தாள். "இப்ப இழுங்க."

எதை இழுப்பது? நார் உள்ளே சுருங்கிப் போய்விட்டது. விரலில் எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் மடக்க ஆள் இல்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அந்த டிரெஸ்ஸர் நரம்புன்னு சொன்னது இதையா?" என்று கேட்டாள்.  நாம் எல்லாவற்றுக்கும் நரம்பு என்கிறோம். ரத்தம் ஓடுவதும் நரம்பு, உணர்ச்சி ஓடுவதும் நரம்பு, எலும்பைச் சதையோடு கட்டிவைத்திருப்பதும் நரம்பு. வீரமுத்துவுக்கு அறுந்தது ஒன்று, எனக்கு அறுந்தது வேறொன்று. ஒரே பேரை வைத்துக்கொண்டு ஆறு வாரத்தைத் தின்றுவிட்டேன்.

புதன்கிழமை முதல் வண்டியிலேயே போய்க் கேட்டுவிடவேண்டும்.

ஏப்ரல் 22, புதன்

முதல் வண்டியில் ஜோகூர் பாரு. கேப்ரியல் ஐயாவை வராந்தாவிலேயே பிடித்தேன். "ஐயா, அன்னைக்கு நீங்க சொன்னது நரம்பா, நாரா?"

அவர் விழித்தார். கோழிக்காலைச் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். "அலமாக்! துரை சொன்னது நார்தான். எலும்பப் புடிச்சு இழுக்கிற நாரு. நமக்கு ரெண்டும் நரம்புதானே, நானும் அப்படியே சொல்லிட்டேன்." அவரைக் கோபித்துக்கொள்ள வந்தேன். முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சர்ஜன் துரை என்னைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்காமல் தோளை அமுக்கிப் பார்த்தார். தாமதமாகிவிட்டது, அறுந்த முனை உள்ளே சுருங்கியிருக்கும் என்றார். பிறகு தாளில் படம் போட்டார். இந்தத் தடவை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். சொல்லுக்குச் சொல் கேட்டேன். 

கத்தியே வைக்காமல் விட்டுவிடலாம். வலி குறையும், கை இடுப்புக்கும் மார்புக்கும் வேலை செய்யும், மேலே மட்டும் போகாது. கத்தி வைப்பதானால், திறந்து பார்த்து, முனை இழுத்த இழுப்புக்கு வந்தால் எலும்பில் துளை போட்டுப் பட்டு நூலால் கட்டிவிடுவார். வராவிட்டால் தொடையில் சதையைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து ஒரு பட்டை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் பாலம் மாதிரி தைப்பார். எது என்று திறந்த பிறகுதான் தெரியும். எதுவுமே ஆகாதென்றால் தோள் மூட்டையே அசையாமல் எலும்போடு எலும்பு சேர்த்துவிடலாம். வலியிருக்காது, கனம் தூக்கலாம், ஆனால் கை தலைக்கு மேல் என்றைக்கும் போகாது.

கடைசியில் சொன்னது மட்டும் வேண்டாம் என்றேன். மற்றதற்குச் சரி.

"இதுவரைக்கும் பதினோரு பேருக்குச் செஞ்சிருக்காரு. ஏழு பேரு கையத் தூக்குறாங்க. நாலு பேரால முடியல. உங்களுக்கு நாள் வேற தள்ளிப்போச்சு. மறைக்காம சொல்லச் சொல்றாரு" என்றார் கேப்ரியல் ஐயா.

"அந்த ஏழ நான் எட்டாக்குறேன்னு சொல்லுங்க" என்றேன். துரை முதல் தடவையாகச் சிரித்தார்.

இரவு வீடு திரும்பிவிட்டேன். ஒன்றை எழுதாமல் தூங்கக்கூடாது. தப்பு அந்தச் சொல்லில் மட்டும் இல்லை. கீறுவார்கள் என்றதும் எனக்குப் பயம். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்கமாட்டேனோ என்று பயம். நரம்பு என்ற சொல் கையில் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். புஷ்பவள்ளியிடம் சொன்னேன்: "நான் பயந்துட்டேன்டி."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா?"

மாட்டேன்.

ஏப்ரல் 27, திங்கள்

ஆஸ்பத்திரி, பன்னிரண்டாம் கட்டில். நாளைக்குக் காலையில். பயம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், நானும் இருக்கிறேன்.

மே 3, ஞாயிறு

இடது கை எழுத்து. கோழி கிளறியது மாதிரி இருக்கிறது.

எழுந்துவிட்டேன். முனை வரவில்லையாம். தொடையிலிருந்து பட்டை எடுத்துத் தைத்திருக்கிறார். தோளைவிடத் தொடை வலிக்கிறது. இனி நான் தோளால் நடக்கிறேனா, தொடையால் கை தூக்குகிறேனா என்று கேப்ரியல் ஐயாவிடம் கேட்டேன். வார்டே சிரித்தது.

மே 16, சனி

வீடு வந்தேன். கை பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டியபடி, இடுப்பில் கட்டிய கம்பிச் சட்டத்தில் கிடக்கிறது. ஏரோப்ளேன் சட்டம் என்று பேர். எட்டு வாரம் ராத்திரி பகல் கழற்றக்கூடாது. தைத்த இடத்துக்கு இழுவை வரக்கூடாதாம்.

வண்டியில் இரண்டு ஆள் இடம் எனக்கே வேண்டியிருந்தது. வாசல் நுழைய பக்கவாட்டில் திரும்பவேண்டும். புஷ்பவள்ளி அடுப்புப் பக்கம் போகும்போதெல்லாம் குனிந்து என் கையடியில் போகிறாள்.

மே 20, புதன்

பொழுது போகாமல் பிளாட்ஃபாரத்தில் போய் நின்றேன். கூட்ஸ் வண்டி வந்தது. டிரைவர் என் நீட்டின கையைப் பார்த்து நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து பிரேக்கைப் போட்டுவிட்டான். வாலண்டைன் ஐயா ஓடி வந்தார். "காளியப்பா, நீ இப்ப ஒரு சிக்னல் மரம். கை எறங்குற வரைக்கும் லைன் பக்கம் வராத!"

ஜூன் 23, செவ்வாய்

சட்டத்தைக் கழற்றினார்கள். கை அரிசி மூட்டை மாதிரி தொங்கியது. தூக்கு என்றார் துரை. ஒரு விரற்கடை. அதற்கு மேல் இல்லை.

எல்லாரும் முதல் நாள் இப்படித்தான் என்றார்கள். தலையாட்டினேன். வண்டியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். யாரும் பார்க்கவில்லை. இங்கே எழுதுவதால் நான் பார்த்தேன்.

ஜூன் 30, செவ்வாய்

சொல்லிக்கொடுத்தபடி செய்கிறேன். இடுப்பை வளைத்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு முன்னும் பின்னும் ஆட்டுவது, காலை நூறு, மாலை நூறு. அப்புறம் சுவரில் இரண்டு விரலை வைத்து மேலே நடத்துவது. எட்டிய இடத்தில் கரியால் கோடு. இன்று கோடு என் மார்புக்கு நேர்.

புஷ்பவள்ளி பின்னால் நின்று பார்க்கிறாள். தோளைத் தூக்கி ஏமாற்றினால் உடனே தட்டுகிறாள். ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை.

ஜூலை 19, ஞாயிறு

கழுத்து உயரம். அடுப்பங்கரைச் சுவர் முழுவதும் கரிக்கோடு. வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மூன்று வாரமாகக் கழுத்திலேயே நிற்கிறது. ஏன்? தையல் விட்டுப்போயிற்றா? முடியாமல் போன நாலு பேரோடு ஐந்தாவது ஆளாகப் போகிறேனா? - போதும். நூறு தடவை ஆட்டினேன். மறுபடி நூறு.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

காது! வலது காதைத் தொட்டேன். புஷ்பவள்ளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க காத நீங்க தொட்டதுக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

செப்டம்பர் 20, ஞாயிறு

கோடு தலைக்கு மேல் நாலு விரல். சுவரை விட்டுவிட்டுத் தூக்கினாலும் கை நிற்கிறது. பத்து எண்ணும்வரை நிற்கிறது. பதினொன்றில் நடுங்குகிறது.

அக்டோபர் 8, வியாழன்

போர்டு. மூன்று டாக்டர்கள், நீள மேசை. தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். இறக்கச் சொல்ல மறந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினேழுவரை. கையைக் கீழே விட்டபோது நடுவில் இருந்தவர் எழுதி முடித்திருந்தார். வேலைக்குத் தகுதி. ஆனால் மூன்று மாதம் கண்காணிப்பு. வண்டிகளுக்கு இவனால் எந்த இடைஞ்சலும் வரக்கூடாது.

வெளியே கேப்ரியல் ஐயா காத்திருந்தார். "எட்டு" என்றேன். கட்டிக்கொண்டார், இடது பக்கமாக.

அக்டோபர் 12, திங்கள்

டூட்டி. ஏழு மாதம் கழித்து மெயிலுக்கு வளையத்தோடு நின்றேன்.  மெயில் தூரத்தில் தெரிந்தது... வந்தது... இன்னும் வந்துகொண்டே இருந்தது. நடக்கிற வேகம்! நாய் ஒன்று கூடவே நடந்து வந்தது. பயணிகள் தலையை நீட்டி என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஐயாசாமி இரண்டு கையாலும், பூமாலை வாங்குகிற மாதிரி வளையத்தை வாங்கிக்கொண்டான். மெதுவாக ஓட்டச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சியிருக்கிறான் என்று புரிந்தது.

கோபம் வந்தது. நான் என்ன கண்ணாடிச் சாமானா?

அக்டோபர் 13, செவ்வாய்

இன்றும் அப்படியே. மெயில் மூன்று நிமிடம் லேட். வாலண்டைன் ஐயா ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நேத்து மழைன்னு எழுதினேன். இன்னைக்கு வெயிலு. நாளைக்கும் லேட்டானா உண்மையத்தான் எழுதணும். எழுதினா போர்டு உன்னைத் திரும்பக் கூப்பிடும்." நல்ல மனிதர், பொய் எழுதக் கை வராது. ஒன்று எழுதியதே எனக்காக.

ஐயாசாமியின் பாசம் என் வேலையைத் தின்றுவிடும் போலிருக்கிறது. அவன் இறங்குவது குளுவாங்கில்; டூட்டியை விட்டு நான் அங்கே போய்ப் பிடித்துப் பேச வழியில்லை. ஒரே வழிதான். ஒரு சீட்டு எழுதினேன்: 'தம்பி, நீ மெதுவாக வந்தால் என் வேலை போய்விடும். கை தாங்கும். என்னை நம்பு. அன்று வந்த வேகத்தில் வா. - காளியப்பன்.' நாளைக்கு வளையத்தில் கட்டிக் கொடுப்பேன். சட்டப்படி தப்பு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தப்பு, அரை நொடியைக் கணக்கில் சேர்க்காமல்.

அக்டோபர் 14, புதன்

சீட்டு போய்விட்டது. ஆனால் மெயில் இன்றும் மெதுவாகத்தான் வந்தது. வருகிறவனுக்கு, சீட்டு கைக்கு வருமுன் அதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இதை நான் யோசித்திருக்கவேண்டும். 'நாளைக்கு ஒரு நாள் பொறுங்க ஐயா' என்று வாலண்டைன் ஐயாவிடம் கேட்டேன். பேனாவை மூடி வைத்தார். கட்டம் காலியாக இருக்கிறது.

அக்டோபர் 15, வியாழன்

வளைவில் புகை தெரிந்ததுமே தெரிந்துவிட்டது. தரை அதிர்ந்தது. புஷ்பவள்ளி கோட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள், கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஐயாசாமி வெளியே சாய்ந்திருந்தான், முகம் வெளுத்திருந்தது. தூக்கினேன். அவன் கை நுழைந்தது, நான் விட்டேன். காற்றில் என் தொப்பி பறந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கடைசிப் பெட்டி போன பிறகுதான் என் கை இன்னும் மேலேயே இருப்பது தெரிந்தது.

வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

உள்ளே போனேன். வாலண்டைன் ஐயா ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். மெயில், சரியான நேரம். காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.